விட்டுப்போன ‘ஈ’

பகடையில் ஐந்து விழுந்தது. முனிகிருஷ்ணன் பலகையின் மேல் குனிந்து, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, தன் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து செருப்பைத் தேடினார்.

“டேய் சாமி, பகடையைத் தொடாதே. அஞ்சு. போண்டா வாங்கியாந்து நகர்த்துறேன்.”

“எதை நகர்த்தப் போறே, அதைச் சொல்லிட்டுப் போ,” என்றார் சாமிநாதன்.

“சொன்னா நான் வர்றதுக்குள்ள பீரங்கியைத் திருப்பி வச்சுக்குவே. என்னை இன்னா லூசுன்னு நெனச்சியா?”

“பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது அப்படிப் பண்ணியிருக்கேனா?”

“பண்ணல. ஆனா மூஞ்சி பண்ற மாதிரியே இருக்கு.”

சமையலறையிலிருந்து முனிகிருஷ்ணனின் மனைவி வள்ளியம்மா, “வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு,” என்றாள். முனிகிருஷ்ணன் “சரி” என்றார். மர்பி டவுனில் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு அவர் அந்த வீட்டில் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான்.

கால் மணி நேரம் கழித்துப் போண்டாக் கடையிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். கையில் பொட்டலம் இருந்தது. கொத்தமல்லி இல்லை. செய்தியைச் சொல்லிவிட்டு, பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பலகையில் இரண்டு சேனைகளுக்கும் நடுவே ஓடிய நீல ஆற்றின் மேல் வைத்துவிட்டான்.

சாமிநாதன் முதலில் அந்தப் பொட்டலத்தை எடுத்து, எந்தச் சிப்பாயாவது நகர்ந்திருக்கிறானா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு ஓடினார். அந்த நாலு விநாடியை நினைத்து அவர் வெகுநாள் வெட்கப்பட்டார். நாலு விநாடி முந்திப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொல்லியும் வெட்கம் போகவில்லை.

*

பதினைந்து நாளும் சாமிநாதன் அந்தப் பலகையைக் காவல் காத்தார்.

ஆறடிக்கு நாலடி ஒட்டுப்பலகை. அதன்மேல் களிமண் மலை, நீல ஆறு, ஓரமாகச் சுற்றிவரும் மஞ்சள் பாதை, நூற்றுநாற்பத்திரண்டு ஈயச் சிப்பாய்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அதன்மேல் துண்டைப் போடப் பார்த்தார்கள், தம்ளரை வைக்கப் பார்த்தார்கள். காரியத்தன்று வாணியம்பாடியிலிருந்து வந்த முனியின் அண்ணன் பச்சைமுத்து, அதன்மேல் வாழை இலையை அடுக்கப் போனார்.

“அய்யா, அதுல வைக்காதீங்க.”

“இன்னாங்க இது? பொம்மைக் கடையா?”

“சண்டை.”

“யாருக்கும் யாருக்கும்?”

“எனக்கும் உங்க தம்பிக்கும். பன்னெண்டு வருஷமா.”

பச்சைமுத்து இலைக்கட்டோடு பின்னால் நகர்ந்தார். அரைமணி நேரத்தில் வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சாமிநாதனை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. அப்பளம் வைக்க வந்த பெண், அவர் இலைக்கு மட்டும் எட்டி நின்று போட்டாள்.

அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. முனி அந்த ஐந்தை வைத்து எதை நகர்த்த நினைத்தான்?

ஆற்றங்கரைக் குதிரைப்படையையா, மலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஏழு பேரையா, பாதையில் நடந்துகொண்டிருந்தவர்களையா? ஒவ்வொரு சிப்பாயும் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறான் என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். அவன் மனம் அங்கேதான் இருக்கிறது. அவன் கைவைத்த மாதிரியே எல்லாம் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் வள்ளியம்மா சொன்னாள்: “வீட்டைக் காலி பண்றோம்ணா. பொண்ணு ரூபினி கூட வைட்ஃபீல்டுக்கே போயிடறேன். வியாழக்கிழமை டெம்போ வருது.”

“இந்தப் பலகை?”

“அவ இருக்கிறது ஒரு ரூம்பு. நீங்க எடுத்துக்கங்க. உங்களுக்குத்தான்.”

*

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வெடித்த அன்று, ஆஸ்டின் டவுனில் ஓர் அச்சகத்தில் சாமிநாதன் பிழைதிருத்துபவராக இருந்தார். ஆரணியிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. குடியிருந்தது மைசூர் ரோடு பக்கம். மதியம் அச்சகத்தின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியபோது, பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்துவிட்டு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அல்சூரில் கார் பேட்டரி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த முனிகிருஷ்ணன்.

“உன் வூடு எந்தப் பக்கம்?” என்றார். முதல் சந்திப்பிலேயே ஒருமைதான்.

சாமிநாதன் சொன்னார்.

“அந்தப் பக்கம் போவாதே. ஏறு வண்டில.”

ஆறு நாள் ஊரடங்கு. இரண்டாம் நாள் முனி பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். அவருடைய அப்பா ராணுவத் தண்டில் அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரர். ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன பெட்டி அது. உள்ளே இருபத்து நாலு ஈயச் சிப்பாய்கள், ஒரு பகடை, பழுப்பேறிய ஓர் ஆங்கில விதிப்புத்தகம். தெருவில் போலீஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. இவர்கள் அகராதியை வைத்துக்கொண்டு போர் விதி படித்தார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் சாமிநாதன் தன் அறையைப் பார்க்கப் போனார். மாலையில் திரும்பி வந்தார்.

“ரூம்பு இருக்கா?” என்றார் முனி.

“சுவர் இருக்கு.”

“உன் கைல இன்னா?”

“சாவி.”

முனி அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு பகடையை அவர் பக்கம் தள்ளினார். “சரி, உன் முறை,” என்றார்.

ஆஸ்டின் டவுனில் வேறு அறை கிடைத்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சாமிநாதன் மர்பி டவுனில் இருப்பார். பெண் பார்க்கச் சொல்லி ஊரிலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தது. இரண்டு பெண் வீட்டாருமே ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். முதல் முறை அவருடைய குதிரைப்படை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை திரும்பி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது கடிதம் வரவில்லை.

விதிப்புத்தகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருவருக்கும் சிக்கல் வந்தது. அடிவாங்கிய அணி பகடை போட்டுத் தைரியம் பார்க்க வேண்டும். தைரியம் போய்விட்டால் அந்த அணி என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் இருந்தது ஒரே சொல். நாலே எழுத்து: ஆர், ஓ, யூ, டி.

“இது இன்னா வார்த்தைடா?”

சாமிநாதனுக்கு அகராதி தேவைப்படவில்லை. “அச்சுப்பிழை. கடைசியில ஈ விட்டுப்போச்சு. ரூட். பாதை. தைரியம் போனவன் சண்டையை விட்டுட்டுப் பாதைக்குப் போயிடணும்.”

“ஈயா? எங்கண்ணா?” என்று வள்ளியம்மா ஓடிவந்து குழம்புச் சட்டியை மூடினாள்.

சாமிநாதன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தச் சொல்லின் அடியில் எழுத்து விட்டுப்போனதைக் காட்டும் கூரைக்குறி போட்டு, ஓரத்தில் ‘ஈ’யை அழகாக எழுதினார். வெள்ளைக்காரன் அச்சடித்த புத்தகத்தில் பிழை கண்டுபிடித்ததில் அவருக்கு அன்று இரண்டு கவளம் அதிகமாக இறங்கியது.

முனி அன்றே பலகையைச் சுற்றி மஞ்சள் பாதை போட்டார். தைரியம் இழந்தவர்கள் அதில் வரிசையாக நடந்து, ஒரு சுற்று முடித்து, எதிர்மூலையில் மறுபடி சண்டைக்குள் வருவார்கள். அதனால் பன்னிரண்டு வருஷப் போரில் ஒருவன்கூடச் சாகவில்லை. யாரும் ஜெயிக்கவும் இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தாலும் முனியின் சிவப்புச் சட்டைகளில் பாதிப்பேர் பாதையில் இருப்பார்கள்.

“உன் ஆளுங்க சண்டைக்கு வந்தாங்களா, வாக்கிங் வந்தாங்களா?”

“ஆம்பளைன்னா காலாற நடக்கணும்டா. உன் ஆளுங்களுக்குத்தான் தொப்பை.”

“விதி அப்படி. நான் என்ன பண்றது.”

“நீ ப்ரூஃப் பார்த்துட்டா அப்பீல் ஏது,” என்று முனி சிரிப்பார். கொஞ்சம் அதிக நேரமே சிரிப்பார்.

ரூபினி ஆறாவது படிக்கும்போது ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். சாமிநாதன் உள்ளே நுழைந்ததும் முனி அதைப் பிடுங்கிவைத்துவிட்டு, “போ, உப்பு வாங்கியா,” என்று மகளைத் துரத்தினார். ஜாடியில் உப்பு நிறைய இருந்தது. வள்ளியம்மா அதைச் சொன்னதற்கு அவளுக்கும் திட்டு விழுந்தது.

சேனை வளர்ந்தது. முனி பழைய பேட்டரித் தகட்டு ஈயத்தை உருக்கிச் சிப்பாய் வார்த்தார். அச்சகம் கம்ப்யூட்டருக்கு மாறி ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டபோது, சாமிநாதன் ஙௌ, ஞௌ, ஙூ என்று யாருமே கேட்டிராத எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டார். எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. அவருடைய நீலக் குதிரைப்படை முழுவதும் அந்த எழுத்துகளை உருக்கி வார்த்ததுதான். வர்ணம் ரூபினியின் பள்ளிக்கூட வர்ணப்பெட்டியிலிருந்து வந்தது. பெட்டியில் சிவப்பும் நீலமும் எப்போதும் காலியாகவே இருந்ததால், அந்தப் பெண் பத்தாவது வரைக்கும் பச்சை நிறத்தில்தான் ரோஜாப்பூ வரைந்தாள்.

*

“பென்சில்ல வட்டம் போட்டுக் குறிச்சிட்டு, பொம்மைங்களை டப்பாவில போட்டு எடுத்துட்டுப் போங்கண்ணா,” என்றாள் வள்ளியம்மா.

“வட்டத்துல மூஞ்சி எந்தப் பக்கம்னு தெரியாதேம்மா.”

“மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா இன்னாண்ணா?”

சாமிநாதன் வாசலை அளந்தார். வாசல் இரண்டரை அடி. பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தாமல் வெளியே கொண்டுபோக முடியாது. நிமிர்த்தினால் நூற்றுநாற்பத்திரண்டு பேரும் கொட்டிவிடுவார்கள்.

“ஒட்டிடலாம்,” என்றார்.

அச்சகத்தில் புத்தகம் கட்டுவதற்குக் காய்ச்சுகிற மைதாப் பசை அவருக்குத் தெரியும். மைதாவும் தண்ணீரும் கொதிக்கும்போது கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். துத்தம் விஷம், பூச்சி, எறும்பு அண்டாது.

“சோறு ஆக்குற குண்டான்ல விஷத்தைப் போடாதீங்கண்ணா,” என்றாள் வள்ளியம்மா. “இந்த வீட்ல ஒரு சாவு போதும்.”

அவர் துத்தம் போடாமலே காய்ச்சினார். திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு சிப்பாயையும் மயிரிழை தூக்கி, காலடியில் பசை தடவி, அதே இடத்தில் அதே முகமாக நிறுத்தி முடித்தார்.

பகடையை மட்டும் ஒட்ட மனம் வரவில்லை. முனியின் இரத்தஅழுத்த மாத்திரை டப்பா ஒன்று காலியாக இருந்தது. அதில் பஞ்சைத் திணித்து, ஐந்து மேலே இருக்கும்படி பகடையை வைத்து மூடினார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்தபோது வள்ளியம்மா ஈரத் துணியோடு வாசலிலேயே நின்றாள். முகத்தில் இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது.

“ராத்திரியோட ராத்திரியா எறும்பு ஏறிடுச்சுண்ணா. ஆயிரம் இருக்கும். உங்க மஞ்சள் பாதை மேலயே வரிசையாப் போவுது. நீங்க பாவம் அவ்ளோ கஷ்டப்பட்டு ஒட்டுனீங்களேன்னு, சுடுதண்ணில நனைச்சு ஒவ்வொண்ணா தொடச்சிட்டேன். ஒரு எறும்பு இல்ல இப்போ.”

எறும்பு இல்லை. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. பள்ளிக்கூட வர்ணம் சுடுதண்ணீரில் கரைந்து, இரண்டு சேனையும் ஒரே கத்திரிக்காய் நிறத்தில் நின்றன. சிலர் சாய்ந்திருந்தார்கள். எதிரி யார், தன் ஆள் யார் என்று எவருக்கும் தெரியாமல் எல்லோரும் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத் தொடச்சிருக்கேம்மா,” என்றார் சாமிநாதன்.

நல்லவேளையாக அவருக்கு ஒரு வழி தெரியும். பேட்டரி ஈயம் மெதுவானது, நகத்தால் கீறினால் கோடு விழும். அச்செழுத்து ஈயம் கெட்டி, கோடு விழாது. கோடு விழுந்தால் முனியின் ஆள். பெட்டியோடு வந்த பழைய இருபத்து நாலு பேரை மட்டும் முகஜாடையில் கண்டுகொண்டார். மதியத்துக்குள் வலது கட்டைவிரல் நகம் உடைந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த ரூபினி ஓர் ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், எதுக்கு இவ்ளோ?”

“உங்கப்பா அஞ்சு போட்டிருக்கான்ம்மா. எதை நகர்த்தப் போனான்னு தெரியணும்.”

ரூபினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள்.

புதன்கிழமை புதுப் பசை. இந்த முறை குண்டான் அவர் அறையிலிருந்து வந்தது. எறும்பின் மேலிருந்த கோபத்தில் துத்தத்தைக் கைப்பிடி அள்ளிப் போட்டார். மயில்துத்தம் நீலம். ஈரம் காயாத கத்திரிக்காய் நிறத்தின் மேல் அது ஏறியது. நண்பகலில் பார்த்தால், நூற்றுநாற்பத்திரண்டு பேரும் நீலச் சட்டை. முனியின் சேனை மொத்தமாகக் கட்சி மாறிவிட்டிருந்தது.

சாமிநாதன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக எதிரியே இல்லாமல் இருந்தார்.

“இப்ப இன்னாண்ணா?” என்றாள் வள்ளியம்மா.

“அவன் ஆளுங்களுக்குச் சிவப்பு வேணும்மா. கடைக்குப் போகணும்.”

அவள் உள்ளே போய், மரக் குங்குமச்சிமிழை எடுத்து வந்தாள்.

“பாதிச்சிமிழ் அப்படியே இருக்கு. ரூபினி ஸ்டிக்கர் பொட்டுதான் வைக்கிறா. எனக்கு இன்னாத்துக்கு இனிமே.”

“வேணாம்மா.”

“யார் யாருன்னு காட்டுங்கண்ணா.”

அவர் காட்டினார். வள்ளியம்மா மோதிரவிரலைக் குங்குமத்தில் தொட்டு, ஒவ்வொரு தலையிலும் வைத்தாள். எழுபத்தோரு பேர். நடுவில் ஒருமுறை, “இவன் அவர் மாதிரியே ஒத்தக் கண்ணை மூடிட்டு இருக்கான்,” என்றாள்.

*

வியாழக்கிழமை காலை பலகையை நிமிர்த்தினார்கள். ஒருவன்கூட விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் பிடிக்க, சுவரில் நடக்கிற பல்லிகள் மாதிரி சேனை மொத்தமும் செங்குத்தாக வாசலைத் தாண்டியது. சாமிநாதன் மட்டும் கை கொடுக்கவில்லை. அவர் இரண்டு உள்ளங்கையிலும் மாத்திரை டப்பாவை ஏந்திக்கொண்டு, அலுங்காமல் பின்னால் வந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அஸ்திக் கலயத்தைப் பச்சைமுத்து அப்படித்தான் ஏந்தி வந்தார்.

டெம்போ ஓட்டுநர் கோவிந்தப்பா கோலாரைச் சேர்ந்தவர். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்.

“ஏனு சார் இது, கொலு பொம்மையா? நவராத்திரிக்கு இன்னும் டைம் இருக்கே?”

பக்கத்தில் வந்து பார்த்தார். விரலளவு ஈய மனிதர்கள். உடம்பெல்லாம் விஷ நீலம். பாதிப்பேர் தலையில் குங்குமம். உடம்பில் ஊக்கால் கீறிய கோடுகள்.

“சார், கைல டப்பா?”

“செத்துப்போனவனோடது. அலுங்கக் கூடாது. மெதுவா ஓட்டுங்க.”

கோவிந்தப்பா ஓரடி பின்னால் போனார். “மாட்டமந்திரமா சார்? செய்வினை, கிய்வினை? பேடா சார், வேணாம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு.”

“ஐயோ, இல்லண்ணா,” என்றாள் ரூபினி. “எங்க அப்பாவோட பொம்மைங்க.”

“அப்பா எல்லி, எங்கே?”

“போயிட்டாரு. பத்தொன்பது நாள் ஆச்சு.”

அது அவருக்குத் தெம்பு கொடுக்கவில்லை. வள்ளியம்மாதான் கடைசியில் சமாதானம் செய்தாள். கோவிந்தப்பா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறினார். வள்ளியம்மாவும் ரூபினியும் முன்னால். வைட்ஃபீல்டுக்குப் போகும் பீரோ, கட்டில், குடங்களுக்கு நடுவே, படுக்கவைத்த பலகையின் பக்கத்தில் சாமிநாதன்.

மெதுவாக ஓட்டச் சொன்னது தவறு என்று அவருக்குப் பிறகு தெரிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் கோவிந்தப்பா வழக்கம்போல ஓட்டியிருப்பார். இப்போது அந்தப் பொருளை எவ்வளவு சீக்கிரம் வண்டியிலிருந்து இறக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இறக்கிவிட வேண்டும் என்று பறந்தார். அல்சூர் ஏரிக்கரையில் மூன்று வேகத்தடைகள். முதல் தடையில் பலகை எழும்பி உட்கார்ந்தது. துத்தம் அதிகமான பசை ஒழுங்காகக் காயவில்லை. மலைக்குப் பின்னால் இருந்த ஏழு பேர் அப்போதே புறப்பட்டுவிட்டார்கள்.

டப்பாவைக் கீழே போட்டால் பலகையைப் பிடிக்கலாம். பலகையைப் பிடித்தால் ஐந்து போய்விடும்.

“கோவிந்தப்பா, மெதுவா,” என்று கத்தினார்.

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் கோவிந்தப்பா இன்னும் அழுத்தினார்.

இரண்டாம் தடையில் பீரோ சாய்ந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கியது. நூற்றுநாற்பத்திரண்டு பேரும் ஆற்றைக் கடந்து, பாதையைக் கடந்து, ஒருவர் மேல் ஒருவராக மறுமுனைக்குச் சரிந்தார்கள். சாமிநாதன் இரண்டு கையையும் நெஞ்சுயரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். மூன்றாம் தடைக்குச் சரிவதற்கு எதுவும் மிச்சமில்லை.

*

ஆஸ்டின் டவுன் அறையில் பலகையைக் கட்டில்மேல் போட்டார்கள். கட்டிலைவிடப் பலகை பெரிது. சிப்பாய்கள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தார்கள். குங்குமம் எல்லோர்மேலும் அப்பியிருந்தது. கோவிந்தப்பா தெருக்குழாயில் முழங்கால்வரை கழுவிக்கொண்டிருக்க, வள்ளியம்மா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். ரூபினி மட்டும் சாமிநாதனின் பின்னால் உள்ளே வந்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பா இன்னும் உள்ளங்கையில்தான் இருந்தது.

“போச்சும்மா.”

“விடுங்க அங்கிள். மறுபடி அடுக்கிக்கலாம்.”

“எது எங்க இருந்துச்சுன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எனக்கு இன்னும் ரெண்டு நாள் கிடைச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். இந்த அஞ்சை நகர்த்திட்டு, என் முறையையும் ஆடி, சண்டையை முடிச்சிருப்பேன். யாராவது ஒருத்தன் ஜெயிச்சு, முடிஞ்சதுன்னு ஒண்ணு வேணாமா?”

ரூபினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒருவனை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள். வண்டியிலிருந்து இறக்கிய சிப்பாய்ப் பெட்டியின் அடியில் அந்த விதிப்புத்தகம் இருந்தது. எடுத்துப் பிரித்தாள். இத்தனை வருஷம் பிரித்துப் பிரித்து, அது தானாகவே அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். சிவப்பு மை கொஞ்சம் பழுத்திருந்தது.

“இதை நீங்க அப்புறம் திரும்பிப் பார்த்ததே இல்லையா அங்கிள்?”

“திருத்துனதை எதுக்கும்மா திரும்பிப் பார்க்கணும்?”

“இல்ல... இதுல பிழை எதுவும் இல்ல.”

“ஈ விட்டுப்போச்சேம்மா.”

“விட்டுப்போகல. ரவுட்னு ஒரு வார்த்தை இருக்கு. தோத்து, தலைதெறிக்க ஓடுறது. ஓடினவங்களைப் பலகையில இருந்து எடுத்துடணும். திரும்பி வரக் கூடாது.”

சாமிநாதன் புத்தகத்தைக் கேட்டு வாங்கவில்லை. கைகள் டப்பாவோடு இருந்தன. கழுத்தை மட்டும் நீட்டி, அந்த நாலு எழுத்தையும், தான் சேர்த்த ஐந்தாவது எழுத்தையும், ஒவ்வொன்றாகப் படித்தார். வெளியே கோவிந்தப்பா ஹார்ன் அடித்தார்.

“முனிக்கு இது தெரியாதும்மா,” என்றார். “தெரிஞ்சிருந்தா அன்னிக்கே என் மானத்தை வாங்கியிருப்பான்.”

“ஆறாவதுல நான்தான் சொன்னேன் அங்கிள். ஓடினவங்களையெல்லாம் எண்ணிப் பார்த்துட்டு, ‘அட, சாமி போன வருஷமே ஜெயிச்சுட்டான்டி. தெரிஞ்சா எழுந்து வீட்டுக்குப் போயிடுவான், வாயைத் திறக்காதே’ன்னு சொல்லித்தான் என்னை உப்பு வாங்க அனுப்பினாரு.”

சாமிநாதன் டப்பாவின் மூடியைத் திறந்தார். பஞ்சின் மேல் ஐந்து அப்படியே இருந்தது.